வட்டி வாங்குகிற மாமன்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
11-2-2024

மாமாவுக்கு,

சுவாதி எழுதுவது. நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, அதனால் கேட்கவில்லை.

போன் போடலாமே என்று நினைப்பீர்கள். நாட்றாம்பாளையத்தில் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்றால்தான் உங்களுக்கு டவர் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் பாதி ஊர் கேட்கும். அதுவும் போக, போனில் நீங்கள் "சரி பாப்பா, வச்சுடறேன்" என்று நழுவிவிடுவீர்கள். காகிதத்தில் அப்படி வைத்துவிட முடியாது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது குழாயடிக்குப் போனேன். ராசாத்தி அக்கா தன் குடத்தை நகர்த்திவிட்டு, "மாதேஸ்வரன் பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அக்கா மகள் என்பதால் கிண்டல் செய்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். அப்புறம் இன்னொருத்தி நிஜமாகவே கேட்டாள், படிப்பு முடிந்த கையோடு கல்யாணமா, இல்லை ஆடி கழிந்தா என்று.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் அஞ்செட்டி ஹாஸ்டலில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் மஞ்சள் துணியில் முடிந்த பணமும் வைத்து, பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டர் நாராயணப்பன் முன்னால் கொடுத்தீர்களாம். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பரிசமாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

அந்தப் பணத்தில்தான் இரண்டு வருடமாக நான் இங்கே, பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சு செய்யும் தொழில் படிக்கிறேன். சேர்த்துவிட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் என்ன சொன்னீர்கள்? "இது கடன் பாப்பா. வேலைக்குப் போயி குடு, அவசரமில்ல." என் மாமா எனக்காக இரண்டு மாட்டை விற்றுக் கடன் கொடுத்திருக்கிறார் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். இப்போது அந்த வாயைக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

மாதம் ஒருமுறை அவரைக்காய் மூட்டையோடு ஓசூர் மார்க்கெட்டுக்கு வந்து, எனக்கு ராகி மாவு கொடுத்துவிட்டுப் போவீர்களே, அது மாமனாக வந்ததா, மாப்பிள்ளையாக வந்ததா?

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அது கடனா, பரிசமா?

சுவாதி


நாட்றாம்பாளையம்
19-2-2024

சுவாதிக்கு,

உன் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இந்த ஊரில் பாங்கு நோட்டீஸ் தவிர யாருக்கும் எதுவும் வருவதில்லை.

ராகி அறுத்துப் போர் போட்டோம். யானை வந்து பாதியை இழுத்துப் போட்டுவிட்டது. மாடு விற்றதில் மீதம் இருக்கிற கறுப்பி சினையாக இருக்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுத முடியாது. உன் படிப்பு முடிய இன்னும் ஐந்து மாதம்கூட இல்லை. முடி. சர்டிபிகேட் உன் கைக்கு வந்த பிறகு நானே வந்து உட்கார்ந்து பேசுகிறேன். அதுவரை ஊரில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆமாம் என்று சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்லிவிடாதே. உன் அப்பா காதுக்கு எதுவும் போகக் கூடாது.

அம்மாவைத் திட்டாதே. அவள் பாவம்.

முதல் வருடம் நீ அரம் போட்டுச் செய்து கொடுத்த இரும்புக் கட்டி கோழிக் கூடையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதுக்குத்தான் ரெண்டு மாடு வித்தேனா என்று அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேன். கீரி இதுவரை கூடையை நகர்த்தவில்லை. நல்ல கட்டிதான்.

காலுக்குப் போடுகிற ஷூ அடி தேய்ந்துவிட்டது என்றாயே. அடுத்த மாதம் வரும்போது வாங்கலாம்.

மாமா


மூக்கண்டப்பள்ளி
4-3-2024

மாமாவுக்கு,

ஷூ வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம்.

கடனா, பரிசமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் கிடைத்துவிட்டது. கோழிக் கூடை, கீரி என்றெல்லாம் எழுதினால் மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? சர்டிபிகேட் வந்த பிறகு பேசலாமாம். சம்பாதிக்கிற பெண்டாட்டியாக வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

பரிசம் வாங்கிய பெண் அதைத் திருப்பி வைத்தால்தான் விடுதலை என்று எனக்கும் தெரியும். சுளையாக வைக்க என்னிடம் பணம் இல்லை. அதனால் படிப்பை விட்டுவிட்டேன். போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீஸ் மேடம், பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில் எவளாவது விடுவாளா என்று கேட்டார். கல்யாணம் என்று சொன்னேன். உடனே சீல் குத்திவிட்டார்.

பிரகாஷ் என்று ஒரு காண்ட்ராக்டர். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். ஒரு வருடம் நிற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை அவரிடம் கொடுத்தேன். அட்வான்ஸ் கொடுத்தார். குறைந்ததற்கு என் ரூமில் இருக்கும் ஜைபா அவள் அம்மாவிடம் கேட்டு வாங்கித் தந்தாள். தந்துவிட்டு, "நீ பண்றது பைத்தியக்காரத்தனம்டி" என்று அழுதாள்.

பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி. மெஷினிலிருந்து விழும் மூடிகளை எடுத்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மூடிக்கு அச்சு செய்ய எனக்குத் தெரியும். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு, அமாவாசை அன்று, ஊருக்கு வருகிறேன். நாராயணப்பன் கவுண்டர் வீட்டு வாசலில் இருங்கள். நீங்கள் வைத்த மாதிரியே தட்டில் வைத்துத் தருகிறேன்.

சுவாதி


நாட்றாம்பாளையம்
18-3-2024

சுவாதிக்கு,

நீ வைத்த தட்டு வீட்டில் இருக்கிறது. தேங்காயைக்கூட இன்னும் உடைக்கவில்லை.

"மாமா, இது உங்க பரிசம். எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு நீ திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. பெண் வீட்டார் திருப்பி வைத்தால் இரட்டிப்பாகக் கேட்கலாமே, கேட்கிறாயா என்று நாராயணப்பன் கேட்டார். கொடுத்தது வந்தால் போதும் என்றேன். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து கறுப்பிக்குத் தண்ணீர் காட்டினேன். வேறு என்ன செய்வது?

படிப்பை விட்டுவிட்டேன் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. கோபத்தில் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அன்றைக்கு உன் விரலைப் பார்த்தபோதுதான் நம்பினேன். அரம் பிடித்துக் காய்த்த இடமெல்லாம் தோல் உரிந்து, வேறு மாதிரி காயம்.

செவ்வாய்க்கிழமை ஓசூருக்கு வந்தேன், உன் ரூமுக்கு இல்லை. உன் ஆபீஸ் மேடத்தைப் பார்த்தேன். இந்த வருடம் அவ்வளவுதானாம், பதிவேட்டில் பேரை அடித்துவிட்டார்களாம். ஜூலையில் ஜூனியர் பிள்ளைகளோடு இரண்டாம் வருடத்தை முதலிலிருந்து படிக்கலாமாம், முழு ஃபீஸ் கட்டி. இடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நீ தட்டு வைத்த மறுநாளே உன் அப்பாவின் லாரி முதலாளி முனீஸ்வரன் உங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஏன் வந்தான் என்று அம்மாவிடம் கேள். நான் சொன்னால் நல்ல பேர் வாங்கச் சொல்வது போல் இருக்கும்.

மாமா


மூக்கண்டப்பள்ளி
31-3-2024

அன்புள்ள மாமா,

அம்மா வந்திருந்தாள். ரூமில் என் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜைபா வெளியே போகிறேன் என்றாள், அம்மா அவளையும் இருக்கச் சொன்னாள்.

அப்பா குடித்துவிட்டு என்னை முனீஸ்வரனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவனுக்கு நாற்பது வயது, முதல் பெண்டாட்டி போய்விட்டாள். எனக்கு அப்போது பதினேழு. பரீட்சை முடிந்ததும் முடித்துவிடலாம் என்று நாள்கூடப் பேசியிருக்கிறார்கள். தாய்மாமன் பரிசம் போட்ட பெண்ணை வேறு யாரும் கேட்க முடியாது என்று அம்மாவுக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்கிறது. என் ஃபீஸுக்காக நீங்கள் மாடு விற்று வைத்திருந்த பணத்தையே தட்டில் வைத்து எடுத்துவரச் சொல்லி உங்கள் காலைப் பிடித்தாளாம். கடனாகக் கொடுக்க இருந்த பணம் அது, அம்மாதான் அதற்கு வெற்றிலை வைத்தாள். இது பொய்ப் பரிசம் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும், நான் வாயாடி, எனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அம்மா உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நான் கேட்ட கேள்விக்கு உங்களால் பதில் எழுத முடியாமல் போனது இதனால்தான். நான் என்னென்னவோ எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். கெலவரப்பள்ளியிலிருந்து உங்களுக்குப் பெண் கொடுக்க வந்தார்களாமே. சௌமியா என்று, ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண். உங்களுக்குப் பிடித்திருந்தது என்று அம்மாவுக்குத் தெரியுமாம். பரிசம் போட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இப்போது அவளுக்குக் கைக்குழந்தையாம்.

மாமா, நான் ஊர் நடுவில் உங்களைத் தலைகுனிய வைத்தேன். நீங்கள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். இரண்டு நாளாக மூடி அடுக்கும்போது எனக்கு அது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. யோசித்துத்தான் எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. நான் உங்களையே கட்டிக்கொள்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். படிப்பு போனது போகட்டும்.

உங்கள் சுவாதி


நாட்றாம்பாளையம்
9-4-2024

சுவாதி,

படிப்பு போனது போகட்டும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காக உன்னை இரண்டு அறை விடலாம் போல் இருந்தது. அதற்கா என் மாட்டை விற்றேன்?

உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊர் அப்படிச் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ இரக்கப்பட்டு வந்து எனக்குச் சோறு போட வேண்டாம். அப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. இந்தப் பேச்சு இதோடு முடிந்தது. மறுபடி எழுதினால் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

இப்போது வேலையைப் பார்ப்போம். நீ தட்டில் வைத்த பணத்தோடு அவரைக்காய் விற்ற காசையும் சேர்த்து ஜைபாவின் அம்மா தில்ஷாத்திடம் கொடுத்திருக்கிறேன். அவர்களுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காண்ட்ராக்டர் கணக்கைத் தீர்த்து மார்க் ஷீட்டை வாங்கு. மிச்சத்தில் ஜூலை ஃபீஸைக் கட்டு.

இந்தத் தடவை தட்டு கிடையாது. புரோநோட்டு எழுதிக்கொண்டு வந்து தருகிறேன், கையெழுத்துப் போடு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாதாமாதம் வட்டியை அம்மாவுக்கு அனுப்பு. அவள் கொண்டுவந்து நாராயணப்பன் வாசலில், நாலு பேர் பார்க்க என்னிடம் தரட்டும். நான் எண்ணித்தான் வாங்குவேன்.

ஏன் என்று கேட்பாய். போன தடவை நான் வட்டி கேட்கவில்லை, அதனால்தான் அது பரிசமாகச் செல்லுபடியானது. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் யாரும் வட்டி வாங்க மாட்டான். இனி உன்னை யாரும் என் பெண்டாட்டி என்று கூப்பிட மாட்டார்கள். முனீஸ்வரனும் வர மாட்டான். கட்டிக்கொண்டால் கடன் தன் தலையில் விழும் என்று அவனுக்குத் தெரியும். அவன் மகா கஞ்சன்.

மாதேஸ்வரன்


மூக்கண்டப்பள்ளி
15-9-2024

அன்புள்ள மாமா,

வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். போன வருடம் செய்த அதே வேலையை மறுபடி செய்கிறேன், அதனால் கை சீக்கிரம் ஓடுகிறது. என்னோடு படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து கை காட்டுவார்கள்.

நீங்கள் சொன்னபடி முனீஸ்வரன் வரவில்லை. ஆவணியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெண் எடுத்துவிட்டான். இனி அவன் பயம் இல்லை. அதனால் கேட்கிறேன், வட்டியை நிறுத்திவிடலாமா? பணத்துக்காகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பல்பொருள் கடையில் பில் போடுகிறேன், அதில் வட்டி வந்துவிடுகிறது.

ஊரில் உங்களைப் பேசுவதை அம்மா சொன்னாள். அக்கா மகளிடமே வட்டி வாங்குகிறவன், இவனும் ஒரு தாய்மாமனா என்கிறார்களாம். ராசாத்தி அக்கா உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டாளாம். நீங்கள் பணத்தை இரண்டாம் தடவை எண்ணினீர்களாம். அம்மா வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்கிறாள்.

அஞ்சு மாதமாக நீங்கள் மார்க்கெட்டுக்கு வரும்போது என் ரூமுக்கு வருவதில்லை. போன வாரம் உங்களைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லையா, மாமா?

சுவாதி


நாட்றாம்பாளையம்
30-9-2024

சுவாதிக்கு,

இந்த மாத வட்டி வந்து சேர்ந்தது.

கேட்டது. பக்கத்தில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடன் கொடுத்தவனும் வாங்கினவளும் பஸ் ஸ்டாண்டில் சிரித்துப் பேசிக்கொண்டால் எவன் நம்புவான்?

அம்மா உண்மையைச் சொல்லக் கூடாது. முனீஸ்வரன் போனால் உன் அப்பா இன்னொருவனைப் பிடித்து வருவார். நீ வேலைக்குப் போகிற வரைக்கும் கடன் கடனாகவே இருக்கட்டும். என்னைப் பேசுவதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனோம். வட்டி வாங்குகிற மாமன் என்று நமக்கு முன்னால் பேர் போய்விடுகிறது. சொந்த அக்கா மகளுக்கே இரக்கம் காட்டாதவன் எங்கள் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்று கேட்டார்கள். நியாயம்தானே? நான் பெண்ணைப் பெற்றிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கறுப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். நெற்றியில் வெள்ளை.

கடையில் நின்றுகொண்டே இருக்காதே, படி.

மாமா


ஓசூர்
3-8-2025

அன்புள்ள மாமா,

தேறிவிட்டேன். சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில், அச்சு செய்யும் பிரிவில் வேலை. அங்கே பெண்கள் இரண்டே பேர். முதல் நாள் சூப்பர்வைசர் ஒரு பழைய அச்சைக் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். கண்டுபிடித்தேன். அது பாட்டிலுக்கு மூடி செய்கிற அச்சு. அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அதையே துடைத்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கம்பெனி சொசைட்டியில் கடன் எடுத்து, உங்கள் அசல் முழுவதையும் கடைசி மாத வட்டியையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இனி சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவிடமும் நேராகவே சொல்லிவிட்டேன், இனி எனக்கு யாரையும் பார்க்க வேண்டாம் என்று. அவர் முணுமுணுத்தார், ஆனால் என் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டுக்கொண்டார்.

இனி புரோநோட்டு இல்லை, பரிசம் இல்லை. நான் யாருக்கும் பயப்படவும் தேவையில்லை. அடுத்த தடவை மார்க்கெட்டுக்கு வரும்போது என் ரூமுக்கு வாருங்கள். முன்பு மாதிரி ராகி மாவு கொண்டுவாருங்கள். ஓசூரில் வாங்கும் மாவில் களி கிண்டினால் வாசனையே இல்லை. கன்றுக்குட்டியைப் பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்கள். வருவீர்களா, மாமா?

உங்கள் சுவாதி


நாட்றாம்பாளையம்
14-8-2025

சுவாதிக்கு,

அசலும் வட்டியும் வந்து சேர்ந்தன. நாராயணப்பன் வாசலில் எண்ணி வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் புரோநோட்டைக் கிழித்தேன். ராசாத்தி, "இப்பவாவது வயிறு நெறைஞ்சுதா?" என்று கேட்டாள். நெறைஞ்சுது என்றேன். பொய் இல்லை. உன் சர்டிபிகேட்டை அம்மா போனில் காட்டினாள். பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ராகி மாவு கொண்டுவர முடியாது பாப்பா. கடன் தீர்ந்த மறுமாதமே நான் மாவோடு உன் வாசலில் நின்றால், பழைய பேச்சு மறுபடி ஆரம்பித்துவிடும். அப்புறம் உன்னை யார் பெண் கேட்டு வந்தாலும் அந்தப் பேச்சு அவர்கள் காதில் விழும். ஒன்றரை வருடம் கெட்ட பேர் வாங்கி ஊரை நம்ப வைத்திருக்கிறேன், அதை ஒரு படி மாவுக்காகக் கெடுக்க மனசில்லை. உனக்குப் பிடித்த ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொள். மாமன் சீர் செய்ய என்னைக் கூப்பிட்டால் வருவேன். அதற்கு யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். மாவை அம்மாவிடம் அரைத்துக் கொடுத்திருக்கிறேன், யார் கொடுத்தது என்று அவள் சொல்ல மாட்டாள். நீயும் கேட்காதே.

கன்று வளர்ந்துவிட்டது. ஓட்டம்தான், கட்டுக்கு அடங்குவதில்லை.

கணக்கு தீர்ந்துவிட்டதால் இனி நீ எனக்கு எழுத வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. போஸ்ட்மேன்கூட அதைத்தான் சொன்னார், இனிமே உங்க வீட்டுப் பக்கம் எனக்கு வேலை இல்லை என்று. காரணம் இல்லாமல் நீ எழுதினாலும் படிப்பேன். இரும்புக் கட்டியை மட்டும் திருப்பிக் கேட்காதே.

மாமா